கொழுப்பிலும் ஜாதியா?

(ஆரணியில் பட்டு நெசவுத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று இங்கு நாம் பேசப் போவதாக நோட்டீசில் போட்டிருக்கும் விஷயத்தைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் சிரித்திருக்கக் கூடும். "சாமியைப் பற்றிப் பேசினார்கள், சாஸ்திரத்தைப் பற்றிப் பேசினார்கள், கலியாணத்தைப் பற்றிப் பேசினார்கள், இப்போது நெய்ச் சொம்பையும் எண்ணெய்ச் சட்டியையும் பற்றியே பேச வந்துவிட்டார்களே" என்று நினைத்திருக்கக் கூடும். சிரித்ததில் தப்பொன்றுமில்லை. ஆனால் பகுத்தறிவைக் கூட்டத்துக்கு வரும்போது போட்டுக் கொண்டு, வீட்டுக்குப் போனதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகின்ற மேல்துண்டாக வைத்துக் கொண்டோமானால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? நம் வீடுகளில் மூட நம்பிக்கை பூஜை அறையில் மாத்திரம் குடியிருக்கவில்லை. அடுப்பங்கரையிலும் குடியிருக்கின்றது. அங்கே அது உயிரையே வாங்குகின்றது என்பதை எடுத்துச் சொல்லத்தான் வந்திருக்கின்றோம்.

நாமும் இந்த ஊரில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் கொண்டு வளர்ந்தவர்களே. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது கொஞ்சம். பிறகு படித்ததெல்லாம் வாசகசாலையிலும், தெரிந்தவர்களிடம் கேட்டுமே தவிர, பட்டம் ஒன்றும் நமக்கில்லை. ஆகவே டாக்டர் பேசுவதாக எண்ணிக் கேட்காதீர்கள். உங்களைப் போன்ற ஒருவர் விசாரித்துத் தெரிந்து கொண்டதைச் சொல்லுவதாகவே எண்ணிக் கேளுங்கள்.

போன வருஷம் நம் தெருவில் ஒரு தோழர் இறந்து போனார். வயது 46. காலையில் தறியில் உட்கார்ந்தவருக்கு மார்பை யாரோ அமுக்குவது போலிருந்தது, இடது தோள் வரையில் வலி, வேர்வை கொட்டிற்று. வீட்டார் "வாயு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி பொறுத்து, "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று ஒரு மந்திரக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் வேப்பிலை அடித்துக் கயிறு கட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அப்புறந்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வேலூருக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில் புரோகிதர், "அவருக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நெருப்பில் நெய்யை ஊற்றினார். வந்திருந்தவர்களுக்கெல்லாம் பருப்புச் சோற்றில் அதே நெய் ஊற்றிப் பரிமாறப்பட்டது.

இறந்தவருடைய தம்பி அன்று நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே! எனக்கும் இரத்தத்தில் கொழுப்பு அதிகமென்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நெய்யை விட்டுவிட்டேன். செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறிவிட்டேன். இனிமேல் பயமில்லை அல்லவா?" என்று கேட்டார். நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தினால் விசாரிக்க ஆரம்பித்து, தெரிந்து கொண்டதையே இன்று சொல்லுகின்றோம்.

தோழர்களே! நாம் மனிதனுக்கு ஜாதி வைத்தது போலவே கொழுப்புக்கும் ஜாதி வைத்திருக்கின்றோம். பசுவின் நெய் மேல் ஜாதி. அது சாத்வீகம், புத்திக்கு நல்லது, யாகத்துக்கு ஏற்றது. தேங்காய் எண்ணெய் சுவாமிக்கு உடைத்த தேங்காயின் சொந்தக்காரன். ஆகவே அதற்கும் மரியாதை. கடையில் விற்கும் டப்பா எண்ணெய்க்குப் பண ஜாதி. விளம்பரத்தில் நடிகர் சிரித்தால் அது உயர்ந்தது. ரேஷன் கடைப் பாமாயில் ஏழை ஜாதி. மாட்டுக் கொழுப்போ, கேட்க வேண்டியதேயில்லை. அதைத் தின்கிறவனையே ஊருக்கு வெளியே நிறுத்தின தேசமல்லவா இது! ஆனால் வாய்க்குள் போன கொழுப்பைக் குடல் வாங்கிக் கொள்ளும்போது, "நீ எந்தக் குலம்? உன்னை எந்த மந்திரம் சொல்லிக் காய்ச்சினார்கள்?" என்று கேட்கின்றதா? அது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "நீ எந்த அமிலத்தால் ஆனாய்? எவ்வளவு வந்தாய்?"

கொலஸ்ட்ரால் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். அது விஷமன்று. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாக ஈரலே, செய்து கொள்ளுகின்றது. எண்ணெய்ப் பசையுள்ள அந்தச் சரக்கு தண்ணீர்த் தன்மையுள்ள இரத்தத்தில் தானாகக் கலந்து ஓட முடியாதாகையால், சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் போகின்றது. அதில் ஒரு ஜதை பொட்டலங்களை நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டும். எல்.டி.எல். என்பது சரக்கை வெளியே சுமந்து செல்லும் வண்டி. எச்.டி.எல். என்பது மிச்சச் சரக்கைத் திரும்ப ஈரலுக்குக் கொண்டு வரும் வண்டி. முதல் வண்டிகள் அளவுக்கு மேல் பெருகித் தெருவிலேயே வருஷக்கணக்காய்ச் சுற்றிக் கொண்டிருந்தால், இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கித் தடித்து, ஒரு நாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியை அடைத்துக் கொள்ளுகின்றது. இருதயத்துக்குப் போகும் குழாயில் அது நடந்தால் மாரடைப்பு. நம் தோழருக்கு நடந்தது அதுவே, கண் பட்டதன்று.

இதை யார் கண்டார்கள்? ஞான திருஷ்டியால் ஒருவரும் காணவில்லை. 1913-இல் ருஷியாவில் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்கள் தடிப்பதைக் காட்டினார். "முயல் புல் தின்னும் பிராணியாயிற்றே, அதற்கு நேர்ந்தது மனிதனுக்கு நேருமா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயமே. அதற்கு விடை காண இன்னும் பல பத்து வருஷங்கள் பிடித்தன. பிறகு அமெரிக்காவில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர், ஈரலின் மேல் எல்.டி.எல். வண்டிகளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கொள்ளும் வாசல்கள் இருப்பதைக் கண்டு பிடித்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வாசல் நிறைய இருந்தால் வண்டிகள் சீக்கிரம் தெருவை விட்டு உள்ளே போய்விடும். வாசல் குறைந்தால் வண்டிகள் தெருவிலேயே நிற்கும். சில கொழுப்புகளை அதிகம் தின்றால் இந்த வாசல்களின் வேலை குறைகின்றது. முட்டை முதலியவற்றில் உள்ள கொலஸ்ட்ராலைக் காட்டிலும், நாம் தின்னும் கொழுப்பின் தினுசே பெரும்பாலோருக்கு இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றி இறக்குகின்றது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

நிற்க. கொழுப்பின் தினுசு என்றால் என்ன? இது உங்களுக்குச் சுலபமாக விளங்க வேண்டிய விஷயம். ஏனெனில் எல்லாக் கொழுப்பும் இழைகளால் ஆனது. கரி அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இழை அது. ஒவ்வொரு கரி அணுவின் பக்கத்திலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டிக் கொண்டிருக்கும். ஒட்ட இடமில்லாமல் முழுவதும் நிறைந்திருந்தால் அதற்கு நிறைவுற்ற கொழுப்பு என்று பெயர். அந்த இழை நேராக இருப்பதால் நன்கு வாரிச் சுற்றின பட்டு நூல் மாதிரி நெருங்கிப் படிகின்றது. ஆகவே நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் குளிர் காலத்தில் உறைகின்றன. சில இடங்களில் ஹைட்ரஜன் குறைந்தால் இழையில் ஒரு வளைவு விழும். வளைந்த நூல் நெருங்கிப் படியாது. அதனால்தான் மணிலாக் கொட்டை எண்ணெயும் நல்லெண்ணெயும் உறையாமல் ஓடுகின்றன.

இனி, நிறைவுற்ற கொழுப்பு எல்லாம் ஒன்றா என்றால், அதுவுமில்லை. 12 கரி அணு உள்ள இழைக்கு லாரிக் அமிலம் என்று பெயர்; தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி அதுவே. 14 உள்ளது மிரிஸ்டிக். தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் உண்டு. 16 உள்ளது பால்மிடிக். பாமாயிலிலும் நெய்யிலும் நிறைய. 18 உள்ளது ஸ்டீரிக்; மாட்டுக் கொழுப்பிலும் சாக்லேட் செய்யும் கோக்கோ வெண்ணெயிலும் நிறைய. இரண்டு மூன்று கரி அணுக்கள் கூடுவதிலும் குறைவதிலும் என்ன வித்தியாசம் வரப்போகின்றது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கீஸ் என்பவர் குழுவும் ஹெக்ஸ்டெட் என்பவர் குழுவும் தனித்தனியே மனிதர்களுக்கு அளந்து கொடுத்து, 1965-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 14-உம் 16-உம் கொலஸ்ட்ராலை நன்றாக ஏற்றின. 18 ஏற்றவில்லை. 1988-இல் பொனனோம், கிரண்டி என்ற இருவர் 11 பேரை வைத்து இதை நேரிலேயே சோதித்தார்கள். பால்மிடிக் நிறைந்த உணவை விட்டு ஸ்டீரிக் நிறைந்த உணவுக்கு மாறியபோது மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரி 14 சதவீதம் குறைந்தது. காரணம், உடம்பு ஸ்டீரிக்கில் ஒரு பகுதியை வளைவுள்ள ஓலிக் அமிலமாக மாற்றிக் கொள்ளுகின்றது. பிறகு 2003-இல் மென்சிங்க் முதலியவர்கள் 60 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், 12 கரி அணு லாரிக் மொத்தக் கொலஸ்ட்ராலை அதிகமாகவே ஏற்றுகின்றது என்றும், ஆனால் அந்த ஏற்றத்தில் நல்ல வண்டியாகிய எச்.டி.எல்.-இன் பங்கும் பெரிது என்றும் தெரிந்தது.

இப்போது நம் ஜாதிக் கட்டு என்ன ஆகின்றது, பாருங்கள்! 1991-இல் டென்கி, கிரண்டி என்ற ஆராய்ச்சிக்காரர்கள் சில ஆண்களுக்கு முறை வைத்து வெண்ணெய்க் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, கோக்கோ வெண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகிய நான்கையும் ஒரே அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ராலை எல்லாவற்றிலும் அதிகமாக ஏற்றியது எது தெரியுமா? வெண்ணெய்! மாட்டுக் கொழுப்பு அதற்கும் கீழே நின்றது. வெண்ணெயை உருக்கினால்தானே நெய்? யாக குண்டத்தில் ஊற்றத் தகுந்த "பவித்திரமான" கொழுப்பு மேலே. தொட்டால் தீட்டு என்ற கொழுப்பு கீழே! இதைச் சொல்லுவதால் மாட்டுக் கொழுப்பை வாங்கி உருக்கித் தாளியுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் கதை கட்டிவிட வேண்டாம். அதிலும் பால்மிடிக் உண்டு. ஓடுகின்ற எண்ணெய்களைக் காட்டிலும் அது கெடுதலே. நாம் சொல்லுவது, இரத்தக் குழாய்க்குத் தீண்டாமை தெரியாது என்பதே. திருவண்ணாமலை மலை மேல் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யைத் தீபத்தில் எரிக்கின்றார்கள். வீண் செலவென்று நாம் எவ்வளவோ காலமாய்ச் சொல்லி வருகின்றோம். ஆனபோதிலும் அந்த நெய் எந்த ஏழையின் இருதயக் குழாயிலும் போய் ஒட்டவில்லை என்ற ஒரு லாபத்தை மாத்திரம் ஒப்புக் கொள்ள வேண்டியதுதான்!

தம்பியின் கேள்விக்கு வருவோம். நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் போதுமா? தேங்காய் எண்ணெயில் 100-க்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60-க்குச் சற்று மேல். கேரளத்தில் இருதய நோயாளிகள் 200 பேரைப் பிரித்து, ஒரு பகுதியாருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயும் 2 வருஷம் கொடுத்துப் பார்த்து, பெரிய வித்தியாசமில்லை என்று 2016-இல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய் வியாபாரிகள் இதை மாத்திரம் எடுத்துப் பறையடிக்கின்றார்கள். ஆனால் 2020-இல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்றத் தாவர எண்ணெய்களைக் காட்டிலும் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராமும் எச்.டி.எல்.-ஐ 4 மில்லிகிராமும் ஏற்றியது தெரிந்தது. தனக்குச் சாதகமான ஒரு சாட்சியை மாத்திரம் கூப்பிட்டுத் தீர்ப்பெழுதுகிறவன் நீதிபதியல்ல, வக்கீல். நாம் எல்லாச் சாட்சியையும் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் விடை இதுதான்: தேங்காய் எண்ணெய் அமுதமுமல்ல, விஷமுமல்ல. எப்போதாவது அவியலில் ஒரு கரண்டி ஊற்றுவதில் கெட்டுப் போவதில்லை, எல்.டி.எல். அதிகமுள்ளவர் தினப்படி எண்ணெயாக அதை வைத்துக் கொள்ளுவது சரியன்று. "செக்கில் ஆட்டினது" என்பதால் 12 கரி அணு 18 ஆகிவிடாது.

டால்டா கதையும் கேட்க வேண்டியதே. 1937-இல் அது நம் நாட்டுக் கடைக்கு வந்தது. ஓடுகின்ற எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறைய வைத்தது வனஸ்பதி. நெய்யில் கலப்படம் செய்ய உதவுகின்றது, பசு நெய்யின் புனிதம் கெடுகின்றது என்று அதை அநேகர் எதிர்த்தார்கள். அதிலிருந்த உண்மையான கெடுதியோ வேறு. அப்படி ஹைட்ரஜன் ஏற்றும்போது சில இழைகளின் வளைவு மாறி டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டாகின்றது. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்குகின்றது என்று 1990-இல் ஹாலந்தில் மென்சிங்க், கட்டான் இருவரும் காட்டினார்கள். இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி அது. நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 100-க்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. புனிதம் கெடுகின்றது என்ற கூச்சல் அந்தக் கெடுதியைக் கண்டு பிடிக்கவில்லை. இரத்தத்தை எடுத்து அளந்ததுதான் கண்டு பிடித்தது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கெடுதலே. சாயந்திரத்தில் பஜ்ஜி, போண்டா வாங்கும் தோழர்கள் கடைச் சட்டியின் எண்ணெய் என்ன நிறமாயிருக்கின்றது என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தபடி, ஏழைகளாகிய நமக்கு முக்கியமான சங்கதி. 2007-ஆம் வருஷம் முதல் நம் ராஜ்யத்தில் ரேஷன் கடையில் மலிவு விலைக்குப் பாமாயில் போடுகின்றார்கள். விலைவாசி ஏறிய காலத்தில் ஏழை வீட்டுச் சட்டியில் எண்ணெய் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதைக் குறை சொல்லி நாம் பணக்காரர் கட்சி பேச வரவில்லை. டால்டாவுக்கும் நெய்க்கும் பாமாயில் மேல்தான். ஆனால் அதில் 100-க்கு 40 பங்கு வரையில் பால்மிடிக் அமிலம். 2015-இல் பல சோதனைகளைத் தொகுத்தபோது, நிறைவுற்ற கொழுப்புக் குறைந்த தாவர எண்ணெய்களைக் காட்டிலும் பாமாயில் எல்.டி.எல்.-ஐச் சுமார் 9 மில்லிகிராம் ஏற்றுவதாகத் தெரிந்தது. கப்பலேறி வந்த இந்த எண்ணெயை நாம் தின்கின்றோம். நம் ஜில்லாவிலேயே மானாவாரி நிலத்தில் மணிலாக் கொட்டை விளைகின்றது. அதன் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 100-க்கு 20 பங்குகூட இல்லை. நம் மண்ணில் விளைந்தது என்பதற்காக அதை உயர்த்திப் பேசவில்லை. அப்படிப் பேசினால் அதுவும் ஒரு ஜாதி அபிமானமே. அதன் இழைகள் பெரும்பாலும் வளைந்தவை என்பதற்காகவே பேசுகின்றோம். ஆதலால் ரேஷன் கடையில் மணிலா எண்ணெயும் கேட்பது ஏழைகளின் உரிமை. கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வேண்டுமென்று மனுக் கொடுக்கும் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள், ஒரு தரம் இதற்கும் மனுக் கொடுக்கட்டுமே!

இன்னொரு மோசடியையும் சொல்லிவிடுகின்றோம். எண்ணெய் டப்பாவின் மேல் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கொலஸ்ட்ரால் என்பது பிராணிகளின் சரக்கு. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லுவதற்கில்லை. தேங்காய் எண்ணெயிலும் இல்லை, பாமாயிலிலும் இல்லை. ஆனால் அவை நம் ஈரலின் வாசலைச் சாத்தி நம்முடைய கொலஸ்ட்ராலையே பெருக்கும். "எங்கள் புடவையில் முடி இல்லை" என்று ஒரு வியாபாரி விளம்பரம் செய்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா? அது போன்றதுதான் இதுவும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் சமாதானங்களில் பலமானது ஒன்றுண்டு. 1967-இல் மல்ஹோத்ரா என்ற ரயில்வே டாக்டர் ரயில்வே ஊழியர்களைக் கணக்கெடுத்து, நெய்யும் பாலும் ஏராளமாய்ச் சாப்பிடும் வடக்கத்தியாரைக் காட்டிலும், எண்ணெய் சாப்பிடும் தெற்கத்தியாருக்கு மாரடைப்புச் சாவு சுமார் 7 மடங்கு என்று எழுதினார். "பார்த்தீர்களா, நெய் நல்லது!" என்று கைப்பேசியில் இதைச் சுற்றுக்கு விடுகின்றார்கள். கணக்கைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பஞ்சாபிக்கும் மதராஸ்காரனுக்கும் நெய் ஒன்றில்தானா வித்தியாசம்? அவன் கோதுமை, நாம் தீட்டின அரிசி. வேலை வேறு, நடை வேறு, உடம்பு வாகு வேறு. நூறு வித்தியாசமுள்ள இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, தொண்ணூற்றொன்பதை மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டுவது சோதனையாகாது. அதே மனிதன், அதே சாப்பாடு, கொழுப்பு மாத்திரம் வேறு என்று மாற்றிப் பார்ப்பதுதான் சோதனை. அப்படிப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் நெய்க் கொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றியே இருக்கின்றது. "எங்கள் தாத்தா நெய் குடித்து 90 வருஷம் இருந்தார்" என்பதும் இப்படித்தான். தாத்தாவோடு பிறந்து 40-இல் செத்தவர்களை எண்ணினவர் யார்?

ஆனாலும் மல்ஹோத்ரா கணக்கில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் எதை வைக்கின்றோம் என்பதே அது. ஐ.சி.எம்.ஆர். என்ற சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் நம் ராஜ்யமும் சேர்ந்த நான்கு பிரதேசங்களில் செய்து 2014-இல் வெளியிட்ட சோதனையில், மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமுள்ளவர்கள் 100-க்கு 14 பேர். ஆனால் நல்ல எச்.டி.எல். குறைந்தவர்கள் 72 பேர்! இதற்குப் பெரிய காரணங்களில் இரண்டு, வெள்ளைச் சோற்றைக் குவித்துத் தின்பதும், உடம்பு அசையாமலிருப்பதும். அரிசி ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரக்கூடும். ஆனால் நெய்யை விட்டேன் என்று சொல்லி இன்னொரு கரண்டி சோறும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டுக் கொண்டால் லாபமில்லை. அந்த இடத்தில் மணிலா எண்ணெய், நல்லெண்ணெய், பருப்பு, பயறு, கீரை, மீன் இவை வர வேண்டும். 50,000 பேருக்கு மேல் சேர்ந்த சோதனைகளை 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துக் குறைந்தது 2 வருஷம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இருதய, இரத்தக் குழாய் நோய்கள் சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தன. மாயமந்திரம் போல் நூற்றுக்கு நூறு என்று நாம் சொல்லவில்லை. விஞ்ஞானம் 17 என்றால் 17 என்றே சொல்லும். 100 என்று சொல்லுவது கயிறு மந்திரிக்கிறவன் வேலை.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? நிறைவுற்ற கொழுப்பு நாளொன்றுக்குச் சுமார் 22 கிராமுக்கு மேற்படாமல் இருப்பது, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்லும் அளவு. 15 கிராம் நெய்யில் அது 9 கிராம். அதே அளவு தேங்காய் எண்ணெயில் 13. பாமாயிலில் 6 அல்லது 7. மணிலா எண்ணெயில் 3-க்குள். நல்லெண்ணெயில் 2 சொச்சம். பாலிலும் கறியிலும் வருவது தனி. இந்தக் கணக்கை அடுப்பங்கரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதைப் பெண்களின் தலையில் மாத்திரம் கட்டிவிடாதீர்கள். எண்ணெய் வாங்குகிற ஆண்களும் படியுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வராதென்பதும் மூட நம்பிக்கையே. மீந்ததைத் தின்று, களைப்பென்றால் "பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்" என்று அடங்கிக் கிடக்கும் சகோதரிகளும் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ள வேண்டும். எல்.டி.எல். 100-க்குள், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் என்பது பொதுவான அளவு.

உணவினால் இறங்காவிட்டால் மாத்திரை உண்டு. அதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஜப்பானில் எண்டோ என்பவர் 1970-களின் துவக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் பூத்த ஒரு பூஞ்சையிலிருந்தே இந்த வகை மருந்தின் முதல் சரக்கைக் கண்டார். ஈரல் கொலஸ்ட்ரால் செய்வதை அது குறைக்கின்றது. ஈரல் வாசல்களை அதிகமாய்த் திறந்து கொள்ளுகின்றது. டாக்டர் கொடுத்த மாத்திரையை, "பக்கத்து வீட்டுக்காரர் விட்டுவிட்டார்" என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மார்பு வலி வந்தால் நிமிஷந்தான் ஆயுள். 2023 ஜூன் முதல் "இதயம் காப்போம்" என்ற திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் முதலில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கின்றார்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ஓமத் தண்ணீரும் வேப்பிலையும் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். நம் தோழரை நெய்தான் கொன்றது என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் பீடி குடித்தவர். சர்க்கரை வியாதியும் இருந்ததாகச் சொல்லுகின்றார்கள். ஆனால் அந்த அரை நாளை வீணாக்கியது மூட நம்பிக்கை என்பதில் நமக்குச் சந்தேகமேயில்லை.

தோழர்களே! ஜரிகை வாங்கும்போது வியாபாரி "அசல்" என்று சத்தியம் செய்தாலும் நீங்கள் நம்புவதில்லை. சுரண்டிப் பார்க்கின்றீர்கள், உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகின்றதா என்று பார்க்கின்றீர்கள். ஊரார் கட்டப்போகும் புடவைக்கு இவ்வளவு சோதனை செய்கின்ற நாம், நம் உடம்புக்குள் போகும் கொழுப்பை மாத்திரம் பேரைக் கேட்டு, குலத்தைக் கேட்டு, விளம்பரத்தைப் பார்த்து வாங்குவது நியாயமா? நாம் சொன்னதையும் அப்படியே சுரண்டிப் பாருங்கள். டாக்டரைக் கேளுங்கள், இரத்தத்தைச் சோதியுங்கள், இழை தெரிந்தால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அந்தத் தம்பி இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இன்று சொல்லிவிட்டோம்: "தம்பி! சாமியை மாற்றிக் கும்பிட்டது போல எண்ணெயை மாற்றினால் போதாது. அளந்து பார்த்து மாற்ற வேண்டும்."